ஏற்றத்திலிருந்து காண்டா வாளி வரை: எளிய எந்திரமும் வேலைக் கணக்கும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி நகரை ஒட்டியுள்ள பாக்கார் ஆராங் இன்று குடியிருப்புகளும் தொழிற்பேட்டையும் நிறைந்த பகுதி. மலாய் மொழியில் ‘பாக்கார்’ என்பது எரித்தலையும் ‘ஆராங்’ என்பது கரியையும் குறிக்கும். இப்பகுதியிலும் இதனைச் சூழ்ந்த கோல மூடா மாவட்டத்திலும் வாழும் தமிழர்களுள் பெரும்பாலோரின் முன்னோர் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள். அத்தோட்டங்களுக்கு வருமுன் அவர்களுள் பலர் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். கிணற்று நீரை ஏற்றத்தாலும் கவலையாலும் இறைத்த ஊர்கள் அவற்றுள் பல.

தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் நெம்புகோல், கப்பி, சாய்தளம், சக்கரமும் அச்சும் முதலியன ‘எளிய எந்திரங்கள்’ என்னும் தலைப்பில் கற்பிக்கப்படுகின்றன. மேல்வகுப்புகளில் அவற்றின் வேலை, பயனுறுதிறன், திறன் ஆகியவற்றைக் கணக்கிடும் முறை இயற்பியலில் இடம்பெறுகிறது. இக்கணக்குகள் எங்கோ பிறந்த வாய்பாடுகளாகவே மாணவர்க்கு அறிமுகமாகின்றன. தம் பாட்டனார் மிதித்த ஏற்றமும் பாட்டியார் தோளில் சுமந்த காண்டா வாளியும் இதே கணக்குக்கு உட்பட்டவை என்பது பாடத்தில் சொல்லப்படுவதில்லை.

ஏற்றம், கவலை, காண்டா வாளி, இரப்பர் உருளை எந்திரம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வேலைக் கணக்கு எவ்வாறு அமைகிறது என்பதையும், அக்கணக்கில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்களும் அவற்றின் பிறப்பும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. இயற்பியலில் ‘வேலை’ என்பது விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது. அதன் அலகு ஜூல். ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘திறன்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘வலு’ என்றும் வழங்கும். அதன் அலகு வாட். எந்திரம் தந்த பயனுள்ள வேலையை அதற்குள் செலுத்தப்பட்ட வேலையால் வகுத்து வரும் விகிதத்தைத் தமிழ்நாட்டில் ‘பயனுறுதிறன்’ என்பர். இலங்கையில் ‘வினைத்திறன்’ என்பர். இக்கட்டுரை வேலை, திறன், பயனுறுதிறன் என்னும் சொற்களையே கையாள்கிறது.

இக்கருத்துகள் ஐரோப்பாவில் தொழிற்புரட்சிக் காலத்தில் உருப்பெற்றன. 1759இல் ஆங்கிலப் பொறியாளர் ஜான் சுமீட்டன் நீர்ச்சக்கரங்களின் மாதிரிகளைச் செய்து, விழும் நீர் தரக்கூடிய வேலையில் எவ்வளவு பயனாகிறது என்று அளந்தார். நீர் மேலிருந்து விழும் சக்கரம், கீழே பாயும் நீரால் சுழலும் சக்கரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பயன் தருவதை அவர் காட்டினார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரங்களை விற்பதற்கு, அவை எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 இராத்தல் எடையை ஓர் அடி உயர்த்தும் வேகமே ஒரு ‘குதிரைத்திறன்’ என அவர் வகுத்தார். இக்கால அளவில் அது ஏறத்தாழ 746 வாட். ‘வேலை’ என்னும் சொல்லுக்கு இன்றைய இயற்பியல் பொருளை 1829இல் தம் நூலில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ்.

இவ்வரிசையில் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவர் கூலோம். மின்னூட்ட விதிக்காக அறியப்படும் இவர் அடிப்படையில் ஒரு படைப் பொறியாளர். 1764 முதல் 1772 வரை கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டும் பணியில் இருந்தார். பின்னர் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, வெப்பமான நாட்டில் ஒருவர் ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை குளிர்நாட்டு அளவைவிட மிகக் குறைவு என்பதைத் தம் பட்டறிவிலிருந்து குறிப்பிட்டார். அவர் இரண்டு அளவுகளை வேறுபடுத்தினார். ஒன்று, உழைப்பின் விளைவு. மற்றொன்று, உழைப்பவருக்கு உண்டாகும் களைப்பு. களைப்பைக் கணக்கில் கொள்ளாமல் விளைவை மட்டும் அளப்பது நிறைவான கணக்காகாது என்பதே அவருடைய ஆய்வின் சாரம். இவ்வேறுபாட்டை நினைவில் நிறுத்தி ஏற்றத்துக்கு வருவோம்.

ஏற்றம்: அமைப்பும் கணக்கும்

நீர் இறைக்கும் கருவிகளைத் தமிழ் இலக்கியம் தொன்றுதொட்டு அறியும். மதுரைக்காஞ்சி ஏற்றத்தையும் ஆம்பி, கிழார் என்னும் இறைவைக் கருவிகளையும் குறிப்பிடுவதோடு, நீர் இறைக்கும் தொழுவரின் பாடல் ஓசையையும் சேர்த்தே கூறுகிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, காவிரி பாயும் வயல்களில் இக்கருவிகளின் ஓசை கேட்பதில்லை என்று சொல்லி ஆற்றின் வளத்தை உணர்த்துகிறது. ஆற்றுநீர் இல்லாத இடத்திலேதான் மனிதவுழைப்பு நீரை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது என்பது இதன் மறுபக்கம்.

ஏற்றம் ஒரு நெம்புகோல். நட்ட கால்களின் மேல் நீண்ட மரம் ஒன்று ஊஞ்சல்போல் ஆடும். அதன் ஒரு முனையிலிருந்து தொங்கும் கழியின் அடியில் சால் கட்டப்பட்டிருக்கும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை நீரில் அமிழ்த்தி, அது மேலே வந்ததும் வாய்க்காலில் ஊற்றுவார். மிதி ஏற்றத்தில் மேலும் ஒருவரோ இருவரோ மரத்தின் மீதே முன்னும் பின்னும் நடப்பர். சால் இருக்கும் பக்கம் நடந்தால் சால் இறங்கும். எதிர்ப்பக்கம் நடந்தால் சால் ஏறும். கையால் எதையும் தூக்காமல், தம் உடலின் எடையையே விசையாக்குவது இதன் நுட்பம்.

இதன் வேலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காகச் சில அளவுகளை எடுத்துக்கொள்வோம். சாலில் 20 லிட்டர் நீர், அதாவது 20 கிலோகிராம். அது 3.5 மீட்டர் உயர்கிறது. ஒரு சாலுக்கான பயனுள்ள வேலை 20 × 9.8 × 3.5, அதாவது 686 ஜூல்.

இனி, செலுத்தப்பட்ட வேலை. மிதிப்பவரின் எடை 55 கிலோகிராம் எனக் கொள்வோம். மரம் எப்பக்கம் தாழ்ந்திருந்தாலும் அவர் தாழ்ந்த முனையிலிருந்து உயர்ந்த முனை நோக்கியே ஏறி நடக்க வேண்டும். ஒவ்வொரு திசையிலும் 1 மீட்டர் ஏறுவதாகக் கொண்டால், ஒரு சாலுக்கு 2 மீட்டர். 55 × 9.8 × 2, அதாவது 1,078 ஜூல். பயனுறுதிறன் 686ஐ 1,078ஆல் வகுக்க வருவது: ஏறத்தாழ 64 விழுக்காடு. எஞ்சியது அச்சின் உராய்விலும், மரமும் கழியும் ஆடி நிற்பதிலும், சிந்தும் நீரிலும் போய்விடுகிறது.

நிமிடத்துக்கு 5 சால் என்றால் பயனுள்ள திறன் 686 × 5ஐ 60ஆல் வகுக்க, 57 வாட். மிதிப்பவர் செலுத்தும் திறன் ஏறத்தாழ 90 வாட். நாள் முழுவதும் தொடர்ந்து உழைக்கும் மனிதரின் திறன் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 75 வாட் அளவு என்பது பொறியியலாளர் பொதுவாகக் கொள்ளும் மதிப்பு. அதற்கு மேற்பட்ட 90 வாட் அளவில் ஒருவரால் இடைவிடாது மிதிக்க இயலாது. ஆள் மாற்றி மாற்றி மிதித்ததற்கும், இருவர் சேர்ந்து மிதித்ததற்கும் இக்கணக்கே காரணம் காட்டுகிறது.

கூலோமின் முடிவு ஒன்று இங்குப் பொருந்துகிறது. சுமையை முதுகில் தூக்கிப் படியேறுபவரைவிட, வெறுங்கையோடு படியேறித் தம் உடல் எடையால் கீழிறங்கி மறுபக்கத்துச் சுமையை உயர்த்துபவர் ஒரு நாளில் ஏறத்தாழ நான்கு மடங்கு பயன் தர முடியும் என்று அவர் கணக்கிட்டார். உடல் எடையைக் கொண்டு நீரை உயர்த்தும் இவ்வழியை மிதி ஏற்றம் எந்தக் கணக்கேடும் இன்றிக் கண்டறிந்திருந்தது.

ஆயினும் மேலே செய்த கணக்கில் ஒரு குறை உள்ளது. கீழே நின்று சாலை அமிழ்த்தி, பிடித்து, சாய்த்து ஊற்றுபவரின் உழைப்பை நாம் சேர்க்கவில்லை. அவர் செலுத்தும் விசை கணத்துக்குக் கணம் மாறுவதால் அதை அளப்பது கடினம். அளப்பதற்குக் கடினமான உழைப்பு கணக்கிலிருந்து எளிதில் விடுபட்டுவிடுகிறது என்பதற்கு இது முதல் சான்று.

ஏற்றப்பாட்டு: தொழிலாளியின் கணக்கேடு

வேலையைக் கணக்கிட மூன்று எண்கள் போதும்: சாலின் எடை, கிணற்றின் ஆழம், சால்களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் மாறாதவை. மூன்றாவதை யாராவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்தது ஏற்றப்பாட்டு. பிள்ளையாரை வணங்கித் தொடங்கி, சால்களின் எண்ணிக்கையைப் பாட்டின் அடியோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே இறைப்பது ஏற்றப்பாட்டின் மரபு. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்னும் பழமொழியும், ஏற்றம் இறைப்பவர் பாடிய அடியைக் கேட்டு அடுத்த அடி தோன்றாமல் கம்பர் திகைத்தார் என்னும் செவிவழிக் கதையும் இப்பாட்டின் இலக்கிய மதிப்பைக் காட்டுவனவாகப் பேசப்படுகின்றன. அதன் அளவியல் மதிப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பாட்டின் ஓசை இறைப்பின் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது. ஓர் அடிக்கு ஒரு சால் என்றால், அடியின் நீளமே சாலுக்கான நேரம். ஆகவே, பாட்டு ஒரே வேளையில் எண்ணியாகவும் கடிகாரமாகவும் செயற்படுகிறது. எண்ணிக்கை வேலையைத் தருகிறது. நேரம் திறனைத் தருகிறது. மேலே கொண்ட வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 300 சால், அதாவது 6,000 லிட்டர். முந்நூறு எண்ணி முடிக்கும் ஏற்றக்காரர் ஜூல் என்னும் அலகை அறியார். ஆனால், தாம் செய்த வேலையின் அளவையும் வேகத்தையும் துல்லியமாக அறிவார்.

இதில் வரலாற்று நோக்கில் கவனிக்க வேண்டிய செய்தி, எண்ணியவர் யார் என்பது. உழைத்தவரே எண்ணினார். எண்ணிக்கை பலர் கேட்கப் பாடப்பட்டது. ஆகவே அது மறைக்க முடியாத கணக்கு. மேலே மிதிப்பவரும் கீழே ஊற்றுபவரும் சேர்ந்து பாடியதால், வாய்பாட்டில் விடுபட்டுப்போன இரண்டாமவர் பாட்டுக் கணக்கில் விடுபடவில்லை. நிலவுடைமையும் சாதியும் வகுத்த ஏற்றத்தாழ்வுகளுக்கு நடுவில்தான் இவ்வுழைப்பு நிகழ்ந்தது. இறைத்த நீரின் பயன் இறைத்தவருக்கே சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை அவர் வாயில் இருந்தது என்பது மட்டுமே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

கவலையும் பொறியாளரும்

ஆழமான கிணறுகளுக்கு ஏற்றம் உதவாது. அங்கே மாடுகள் இழுக்கும் கவலை பயன்பட்டது. தென் மாவட்டங்களில் இதைக் கமலை என்பர். தோல் வாலோடு கூடிய பெரிய சால், வடம், கிணற்று மேட்டில் உருளை, மாடுகள் இறங்கிச் செல்லச் சரிவான பாதை ஆகியவை இதன் உறுப்புகள். கப்பியும் சாய்தளமும் இணைந்த எந்திரம் இது.

சாலில் 120 லிட்டர் நீர், ஆழம் 8 மீட்டர் எனக் கொண்டால், பயனுள்ள வேலை 120 × 9.8 × 8, அதாவது 9,408 ஜூல். சாலும் வடமும் 20 கிலோகிராம் எனவும், உருளையின் உராய்வுக்காக இழுவிசை 15 விழுக்காடு கூடுகிறது எனவும் கொண்டால், மாடுகள் இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 1,578 நியூட்டன். வேலை ஏறத்தாழ 12,620 ஜூல். பயனுறுதிறன் 75 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. சால் மேலேற 25 நொடி என்றால் அந்நேரத்துத் திறன் 376 வாட். மாடுகள் பின்னோக்கி ஏறித் திரும்பி நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு சாலுக்கு ஒரு நிமிடம் என்றால், சராசரித் திறன் 157 வாட்தான். குதிரைத்திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எந்த நேரத்தால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை இரு மடங்குக்கு மேல் மாறுகிறது.

சரிவுப் பாதையின் பங்கையும் நோக்க வேண்டும். இரு மாடுகளின் எடை 600 கிலோகிராம், பாதையின் இறக்கம் 1.5 மீட்டர் எனின், இறங்கும்போது அவற்றின் எடை 8,820 ஜூல் வேலையைத் தந்துவிடுகிறது. மாட்டின் தசை நேரடியாகத் தர வேண்டியது எஞ்சிய 3,800 ஜூல் மட்டுமே. ஆனால், திரும்பி ஏறும்போது அதே 8,820 ஜூலை மாடுகள் மீண்டும் ஈட்டியாக வேண்டும். எளிய எந்திரம் வேலையைக் குறைப்பதில்லை. அதை எப்போது, எவ்வளவு விசையோடு செய்வது என்பதை மாற்றித் தருகிறது. கடன் கிடைக்கும், தள்ளுபடி கிடைக்காது. எளிய எந்திரங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர் மனத்தில் பதிய வைக்க வேண்டிய அடிப்படை உண்மை இது.

இக்கருவிகளை நவீனப் பொறியியல் கண்கொண்டு நோக்கியவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரெட் சாட்டர்டன். 1888இல் சென்னைக்கு வந்து பொறியியல் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், பின்னர் சென்னை மாகாணத்தின் தொழில் துறைக்குப் பொறுப்பேற்றார். நீர் இறைத்துச் செய்யும் பாசனத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நாட்டு இறைவைகளின் செலவையும் எண்ணெய் எந்திரப் பம்பின் செலவையும் ஒப்பிட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்புகளைப் பரப்ப முயன்றார். நாட்டுக் கருவிகளை ஏளனம் செய்து ஒதுக்காமல் அளந்து பார்த்தது அவ்வணுகுமுறையின் சிறப்பு. ஆயின், அளவின் நோக்கம் மாறிவிட்டது. பாட்டில் இருந்த எண்ணிக்கை இப்போது பொறியாளரின் ஏட்டுக்குச் சென்றது. ‘இத்தனை லிட்டர் நீரை உயர்த்த எவ்வளவு செலவாகும்’ என்பது கேள்வியாயிற்று. அக்கேள்வியில் மனிதரும் மாடும் எண்ணெயும் ஒரே அலகில் நிற்கும் மூன்று செலவினங்கள்.

கெடாவில்: காண்டா வாளியின் கணக்கு

சாட்டர்டன் சென்னையில் பணியாற்றிய அதே ஆண்டுகளில் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குத் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்றனர். 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி கங்காணி முறையிலான ஆள்சேர்ப்புக்கு வலுவூட்டியது. 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் வந்தபின், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்யும் வரை இவ்வருகை தொடர்ந்தது.

ஏற்றமும் கவலையும் தோட்டத்தில் இல்லை. அவற்றின் இடத்தில் தொழிலாளரின் தோளில் ஏறியது காண்டா. ஒரு கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளின் நடுவில் தாங்கிச் சுமப்பது. விடியுமுன் பெரட்டில் நின்று, ஏறத்தாழ 500 மரங்கள் கொண்ட நிரையைச் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாவில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு செல்வது அன்றாட நடைமுறை. தோட்டத்துக் குடும்பங்களில் ஆண், பெண் இருபாலரும் இதைச் செய்தனர்.

காண்டாவும் ஒரு நெம்புகோல்தான். தோள் அதன் ஆதாரப்புள்ளி. இரு வாளிகளும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. ஆனால், இதனால் சுமை குறைவதில்லை. இரு வாளிகளின் முழு எடையையும் தோளே தாங்குகிறது. சமநிலை மட்டுமே இதன் பயன்.

இதன் வேலையைக் கணக்கிட்டால் வியப்பான விடை கிடைக்கிறது. இரு வாளிகளிலும் சேர்த்து 30 கிலோகிராம் பால். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடை. சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது, நகர்வு கிடைமட்டமானது. விசையின் திசையில் நகர்வு இல்லை. ஆகவே, பாலின் மீது செய்யப்பட்ட வேலை சுழி. இறுதியில் வாளியை 1.2 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டியில் ஊற்றுவதற்கு 30 × 9.8 × 1.2, அதாவது 353 ஜூல். ஒரு கிலோமீட்டர் சுமந்து வந்த பாலின் மொத்த வேலைக் கணக்கு இவ்வளவே. ஏற்றத்தில் ஒரு சால் நீரை உயர்த்தும் வேலையில் இது பாதியளவு.

வாய்பாட்டில் பிழை இல்லை. அது பொருளின் மீது நிகழும் ஆற்றல் மாற்றத்தை அளக்கிறது. உடலின் செலவை அளப்பதில்லை. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் உடல் சற்றே உயர்ந்து தாழ்கிறது. சுமையைத் தாங்கி இறுகி நிற்கும் தசைகள் நகர்வே இல்லாதபோதும் ஆற்றலைச் செலவிட்டு வெப்பமாக்குகின்றன. கூலோம் ‘களைப்பு’ என்று பிரித்துக் காட்டியது இதைத்தான். தோட்டத்துப் பிள்ளையொருவர் வகுப்பில் இவ்வாய்பாட்டைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் என் அம்மா வேலையே செய்யவில்லையா?’ என்று கேட்டால், அது அறியாமையால் எழுந்த கேள்வியன்று. அறிவியல் வரலாற்றின் மையத்தைத் தொடும் கேள்வி. வாழ்க்கையில் வழங்கும் ‘வேலை’யும் இயற்பியலின் ‘வேலை’யும் ஒரே சொல்லாக இருப்பதால், இவ்விடத்தில் ஆசிரியர் நின்று விளக்குவது கடமையாகிறது.

தோட்டத்தின் கணக்கோ இவ்விரண்டுமன்று. வாளியின் எடை நிறுக்கப்பட்டது. பாலில் தண்ணீர் எவ்வளவு, உலர்ந்த இரப்பர் எவ்வளவு என்பதை அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைமானி பாலில் இடப்பட்டது. பாலில் மூன்றில் ஒரு பங்கு இரப்பர் எனக் கொண்டால், 30 கிலோகிராம் பாலில் ஏடேறுவது 10 கிலோகிராம். நிரையின் தொலைவு, ஏற்ற இறக்கம், மழை, இருட்டு ஆகியவை அந்த எண்ணில் இல்லை. எண்ணைப் படித்தவர் கிராணியார், எழுதியவரும் அவரே. ஏற்றத்தில் உழைத்தவரின் வாயில் இருந்த எண்ணிக்கை, தோட்டத்தில் அவர் கைக்கு எட்டாத கருவிக்கும் ஏட்டுக்கும் மாறியது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபின் நிகழ்ந்த கூலிப் பேச்சுகளில் எத்தனை இராத்தலுக்கு எவ்வளவு கூலி என்பது முக்கியப் பொருளாக இருந்ததை இப்பின்னணியில் வைத்து நோக்கலாம். எதை அளப்பது என்பதில் தொழிலாளர்க்கும் ஒரு குரல் வேண்டும் என்னும் கோரிக்கையும் அதில் அடங்கியிருந்தது.

உருளை எந்திரமும் ‘பயன்’ என்னும் சிக்கலும்

பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்தபின், உறைந்த கட்டியை உருளைகளுக்கு இடையே செலுத்தித் தகடாக்குவர். பெரிய தோட்டங்களில் எந்திர ஆற்றலால் இயங்கும் உருளை வரிசைகள் இருந்தன. சிறுதோட்டக்காரர்கள் கையால் சுற்றும் உருளைகளைப் பயன்படுத்தினர். முதலில் வழவழப்பான உருளைகளிலும் இறுதியில் வரியிட்ட உருளைகளிலும் செலுத்திய தகடு, புகைக்கூண்டில் உலர்த்தப்படும். 1965இல் தரப்படுத்தப்பட்ட கட்டி இரப்பர் முறை அறிமுகமான பிறகு தகடு இரப்பரின் இடம் படிப்படியாகக் குறைந்தது.

கையுருளை சக்கரமும் அச்சும் என்னும் வகையைச் சேர்ந்தது. கைப்பிடியின் ஆரம் 35 சென்டிமீட்டர், உருளையின் ஆரம் 7 சென்டிமீட்டர் எனின், உராய்வற்ற நிலையில் விசை ஐந்து மடங்காகும். கைப்பிடியில் 100 நியூட்டன் விசை செலுத்தினால் ஒரு சுற்றுக்கு 2 × 3.14 × 0.35 × 100, அதாவது 220 ஜூல். நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் 73 வாட். மனிதரின் நீடித்த திறனுக்கு இது மிக அருகில் உள்ளது.

இதன் பயனுறுதிறன் என்ன? இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஏற்றத்தில் பயன் என்பது நீர் உயர்ந்த உயரம்; அதை அளவுகோலால் அளக்கலாம். உருளையில் எதுவும் உயர்வதில்லை. கட்டி நசுங்குகிறது, நீர் பிழியப்படுகிறது, தகடு மெலிகிறது. இவற்றுள் எது ‘பயனுள்ள வேலை’? நீரைப் பிழிவது பயன் என்றால் ஒரு விடை. தகட்டை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெலியச் செய்வது பயன் என்றால் வேறொரு விடை. பயனுறுதிறன் என்னும் பின்னத்தின் மேலெண்ணை இயற்கை தருவதில்லை. எந்திரத்தைப் பயன்படுத்துவோர் தீர்மானிக்கின்றனர். அதன் கீழெண்ணும் அப்படியே. ஏற்றத்தின் கீழே நின்றவரைச் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் வேறொரு விடை என்பதை முன்னரே கண்டோம்.

கற்பித்தலுக்கான சில கருத்துகள்

2003 முதல் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கை பின்னர்ப் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற தலைமுறைக்குத் தமிழில் அறிவியல் சொற்கள் அந்நியமாயின. கலைச்சொற்களை மீட்டெடுப்பது அகராதியால் மட்டும் நிறைவேறுவதன்று. சொல்லோடு பொருளும் மாணவரின் பட்டறிவுக்குள் வர வேண்டும்.

இதற்கு மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவதாக, ஏற்றத்தின் மாதிரியைச் செய்து, சாலின் எடையையும் உயரத்தையும் அளந்து வேலையையும் பயனுறுதிறனையும் கணக்கிடுதல். இரண்டாவதாக, ஏற்றப்பாட்டின் ஓசைக்கு ஏற்ப அம்மாதிரியை இயக்கி, ஒரு நிமிடத்துக்கான சால்களை எண்ணித் திறனைக் காணுதல். இப்பயிற்சியில் மொழிப்பாடமும் அறிவியல் பாடமும் ஒன்றாகும். மூன்றாவதாக, காண்டாவில் இரு வாளித் தண்ணீரைத் திடலில் சுமந்து நடந்து, கணக்கு சுழி என்று சொல்லும்போது உடல் என்ன சொல்கிறது என்பதைக் குறித்து எழுதுதல். தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோரை இதற்கு அழைத்துப் பேசச் செய்வதும் பயன் தரும். காண்டா சுமந்த தலைமுறை அருகி வருகிறது.

முடிவுரை

ஏற்றமும் கவலையும் நீரின் உயரத்தால் அளக்கப்பட்டன. காண்டா வாளி உலர்ந்த இரப்பரின் எடையால் அளக்கப்பட்டது. உருளை எந்திரம் தகட்டின் தரத்தால் அளக்கப்பட்டது. வேலை, திறன், பயனுறுதிறன் என்னும் மூன்றும் இயற்பியலில் ஐயத்துக்கு இடமில்லாத கருத்துகள். ஆனால், அவற்றுள் எந்த எண்ணைப் பெய்வது என்பதை முடிவு செய்பவர் காலந்தோறும் மாறியிருக்கிறார்: பாடிக்கொண்டே எண்ணிய ஏற்றக்காரர், செலவை ஒப்பிட்ட பொறியாளர், மெட்ரோலாக்கைப் படித்த கிராணியார் என அவ்வரிசை அமைகிறது.

பாக்கார் ஆராங்கைச் சூழ்ந்த தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து நகருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஜூல், வாட் என்னும் அலகுகளில் கணக்குப் போடுகின்றனர். அக்கணக்கில் தம் முன்னோரின் உழைப்பும் அடங்கும் என்பதையும், அதில் அடங்காத பகுதி எது என்பதையும் சேர்த்துக் கற்கும்போதே அவர்கள் அறிவியலையும் வரலாற்றையும் முழுமையாகக் கற்றவராவர்.